வெளிப்பட்டணத்திலிருந்து உள்ளே

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நான் குறைந்தது நாற்பது தடவை இறங்கியிருப்பேன். நாற்பது தடவையும் இறங்கியதும் கேட்டது ஒரே கேள்விதான்: ராமேஸ்வரம் பஸ் எங்கே நிற்கும்? சின்ன வயதில் அப்பாவோடு ஆடி அமாவாசைக்கு, கல்லூரிக் காலத்தில் தனுஷ்கோடிக்கு, கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டாரை அழைத்துக்கொண்டு 22 தீர்த்தம் ஆட. நடுவில் ராமநாதபுரம் என்று ஓர் ஊர் வரும். அங்கே டீ குடிக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், பஸ் மாறலாம். எனக்கும் அந்த ஊருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களைக் கேட்டால் இன்னும் மோசம். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால் அது எந்தக் காடு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் சித்தப்பாவையும் ஒருநாள் அப்படித்தான் மாற்றினார்கள். என்ன தப்பு செய்தார் என்று குடும்பத்தில் இன்று வரை யாருக்கும் தெரியாது. நில அளவையில் சர்வேயராகப் போனவர், அங்கேயே வீடு கட்டி, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். வீடு வெளிப்பட்டணத்தில்.

போன மாசி மாதம் சித்திக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பார்க்கப் போனேன். இரண்டாம் நாள் ஒரு கூரியர்காரனுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் என் காதிலேயே விழுந்தது. வெளிப்பட்டணம். எத்தனையோ பொங்கல் வாழ்த்தில் முகவரியாக எழுதிய பெயர்.

"எதுக்கு வெளிய, சித்தப்பா?"

"கோட்டைக்கு வெளிய. வேற எதுக்கு?"

"கோட்டை எங்க இருக்கு?"

"இல்ல."

வீட்டில் சர்க்கரை இல்லை என்கிற மாதிரி சொன்னார். அப்புறம் அவருக்கே அது போதவில்லை போல. ஷெல்ஃபிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை உருவி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். நடுவில் அரண்மனை. அதைச் சுற்றித் தெருக்கள். தெருக்களைச் சுற்றி ஒரு கோடு. எழுபது தாண்டிய கை, ஆனால் சர்வேயர் கை. கோடு நடுங்கவே இல்லை.

"இதுதான் மதில்னு வச்சுக்க. எல்லாம் என் உத்தேசம்தான், பத்திரம் கித்திரம் கேக்காத. தெரு நேராப் போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு ஒடியும். வீடு கட்டுறவன் சும்மா ஒடிக்க மாட்டான். அங்க ஏதோ இருந்திருக்கு, அதச் சுத்திக்கிட்டுப் போயிருக்கான். அப்புறம் ஐப்பசியில வந்து பாரு. முழங்கால் தண்ணி எங்க நிக்குதோ அங்க அகழி. தூர்த்த இடம் என்னைக்கும் தூர்த்த இடந்தான்."

இந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்று ஒன்று உண்டு என அப்போதுதான் தோன்றியது.

சேதுபதிகளின் முதல் தலைநகர் ராமநாதபுரம் இல்லை. 1605இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவருக்குச் சேதுபதி என்று பட்டம் கட்டியபோது அவர் இருந்தது போகலூரில். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரும் வழியில் இப்போதும் அந்த ஊர் இருக்கிறது. பஸ்ஸில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரகுநாத கிழவன் சேதுபதி தலைநகரை இங்கே கொண்டுவந்து, மண்கோட்டையாக இருந்ததைக் கல்கோட்டையாக மாற்றினார். கிழவன் என்றால் வயதானவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழைய தமிழில் உரியவன், தலைவன் என்று பொருள். ஆனாலும் நெடுநாள் ஆண்டவர்தான். 1710 வரை கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

அவர் கட்டிய கோட்டை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் திருமயத்துக்குப் போகலாம். 1687இல் அதைக் கட்டியதும் இவரேதான். அங்கே குன்று இருந்தது, குன்றைச் சுற்றி மதில் எழுப்பினார், மதில் பெரும்பகுதி நிற்கிறது. ராமநாதபுரத்தில் குன்றும் கிடையாது, மேடும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான பூமி, கண்மாய், பனை, இப்போது சீமைக்கருவேலம். இப்படிப்பட்ட இடத்தில் மதில் மேல் ஏறி நிற்கும் காவல்காரனுக்கு எதிரி வருவது அரை நாளைக்கு முன்பே தெரிந்திருக்கும். எதிரிக்கும் மதில் அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும். நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை.

காலை ஆறரை மணிக்குப் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சித்தப்பாவுக்கு முட்டிவலி. "டிவிஎஸ் ஃபிஃப்டிய எடுத்துக்கிட்டுப் போ" என்றார். வண்டியில் போனால் தெரு ஒடிவது தெரியாது என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

முதலில் ஒரு தப்பு செய்தேன். டீக்கடையில் நின்றவர்களிடம் "கோட்டை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். ஒருவர் அரண்மனையைக் காட்டினார். இன்னொருவர், "கோட்டைனா... அரண்மனையத்தான கேக்குறீங்க?" என்று திருத்தினார். மூன்றாமவர், நல்ல மனிதர், ஷேர் ஆட்டோவையே நிறுத்திவிட்டார். "அண்ணே, இவர அரண்மனையில எறக்கி விடுங்க." அரண்மனை என்பது இங்கே ஒரு ஸ்டாப்பிங். ராஜா வீடு என்று யாரும் நினைத்துச் சொல்வதில்லை. துணி எடுக்க, நகை வாங்க, மருந்துக்கடைக்கு, எல்லாவற்றுக்கும் அரண்மனை. ஆட்டோவை வேண்டாம் என்று அனுப்பியதில் அந்த நல்ல மனிதருக்கு என் மேல் வருத்தம்.

கோட்டை என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் அந்தச் சொல்லை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரண்மனைப் பக்கம் கோட்டைவாசல் விநாயகர் இருக்கிறார். வாசலைக் காணோம், பிள்ளையார் மட்டும் நாற்காலியை எடுத்துப்போன பிறகும் எழுந்திருக்காதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மூலக்கொத்தளம் என்று ஒரு பகுதி. கொத்தளம் என்றால் மதிலில் புடைத்து நிற்கும் காவல்மேடை. பீரங்கி வைக்கும் இடம். மூலையில் இருந்த கொத்தளம் மூலக்கொத்தளம். இப்போது அங்கே வீடுகள், கோலம், தண்ணீர்க் குடத்தை அடுக்கிய தள்ளுவண்டி. ஊருக்கு வெளியே பட்டணம்காத்தான் என்று ஒரு கிராமம் வேறு. யார் காத்தார், எதிலிருந்து காத்தார் என்பது பெயரிலேயே பாதி இருக்கிறது.

அரண்மனையை நெருங்க நெருங்கத் தெருப்பெயர்கள் தொழில் சொல்ல ஆரம்பிக்கின்றன. வண்டிக்காரத் தெரு. பாசிப்பட்டறைத் தெரு. சின்னக்கடை. ஒரு ராஜாவுக்கு என்னென்ன வேண்டியிருந்தது என்பதை இந்தப் பெயர்களை வைத்தே பட்டியல் போட்டுவிடலாம். அங்கங்கே ஊரணி. முகவை ஊரணி, நீலகண்டி ஊரணி. தண்ணியில்லாக் காடு என்று கேலி பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தண்ணீர் இல்லாத ஊர்க்காரன்தான் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பள்ளம் வெட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறான். தண்ணீர் ஓடும் ஊரில் யார் குளத்துக்கு இவ்வளவு பெயர் வைத்தார்கள்?

சித்தப்பா சொன்னது உண்மை. ஓரிடத்தில் தெரு சட்டென்று ஒடிந்தது. வலப்பக்கம் வீட்டுவரிசை நேராக வந்துவிட்டு, எதையோ இடித்துக்கொள்ளாமல் ஒதுங்குவது போல ஒரு வளைவு எடுத்து, மறுபடி நேரானது. வளைவில் இருந்த வீட்டு வாசலில் படிக்கல் ஒன்று. மற்ற படிகள் சிமெண்ட், இது மட்டும் கருங்கல். மூன்று முழ நீளம். ஒரு விளிம்பில் உளி வைத்துப் பிளந்த குழிகள் வரிசையாக, பல் கடித்த தடம் மாதிரி. நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்து உள்ளிருந்து ஓர் அம்மா வந்தார்.

"என்ன தம்பி, எதுவும் விழுந்துருச்சா?"

"இல்லம்மா, இந்தக் கல்லு..."

"மாமனார் காலத்துலருந்து கெடக்கு. வேணும்னா சொல்லுங்க, டைல்ஸ் போடப் போறோம்."

சாயங்காலம் இதைச் சொன்னபோது சித்தப்பா சிரித்தார். "பழைய கல்லெல்லாம் கோட்டைக் கல்லா? திருப்புல்லாணிப் பக்கம் போனா ஒனக்கு ராமர் பாலக் கல்லே கெடைக்கும் போல." பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "ஆனா ஒண்ணு. அத்தனை கல்லும் கடலுக்கா போயிருக்கும்? இந்த ஊர்ல கால் வீட்டு அஸ்திவாரத்தத் தோண்டுனா மதில் வெளிய வரும்."

மதிலுக்கு வேலை முடிந்த வருடத்தைச் சொல்லிவிடலாம். 1772. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவும் ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித்தும் திருச்சியிலிருந்து படையோடு வந்தார்கள். பீரங்கிக்கு முன்னால் மதில் நிற்கவில்லை. ஆட்சியில் இருந்தது ஒரு சிறுவன், முத்துராமலிங்க சேதுபதி. அவனுக்காக நிர்வாகம் பார்த்தவர் தாய் முத்துத்திருவாயி நாச்சியார். இருவரையும் திருச்சிக் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அதே படையெடுப்பில்தான் காளையார்கோவிலில் சிவகங்கை முத்துவடுகநாதர் இறந்தார், வேலு நாச்சியார் விருப்பாட்சிக்குப் போனார். சிவகங்கைக் கதை நமக்கு மனப்பாடம். இந்தத் தாயும் மகனும் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பையன் பிற்பாடு விடுதலையாகி, ஆண்டு, 1795இல் கம்பெனியால் மறுபடி பிடிக்கப்பட்டு, 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார். 1803இல் ராமநாதபுரம் ஜமீன் ஆனது. வரி கட்டும் ஜமீனுக்குப் பீரங்கி மதில் எதற்கு?

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டது. சாலைத் தெருவில் செருப்பு வார் அறுந்தது. ஓரமாகத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் உட்கார்ந்தேன். இந்த மாதிரிக் கட்டுரைகளில் இப்படி ஒரு பெரியவர் வந்தால் அவர் ஊர் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இவர் சொல்லவில்லை. வாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இத வச்சுக்கிட்டா நடக்க வந்தீங்க?" என்றார். 20 ரூபாய்.

ராமலிங்க விலாசம் அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிறது. ராஜராஜேஸ்வரி கோயிலும் அங்கேயே. விலாசத்தை இப்போது தொல்லியல் துறை காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். உயர்ந்த மேடை மேல் சதுரமான, கனத்த, வெள்ளையடித்த கட்டடம். மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். படியேறி உள்ளே போனதும் எனக்கு வேறொன்று தோன்றியது. இது அரண்மனை மாதிரி இல்லை, கோயில் மாதிரி இருக்கிறது. முன்னால் தூண் வரிசையோடு பெரிய மண்டபம். அதற்கடுத்து உயர்ந்த தளத்தில் சின்ன மண்டபம். அதற்கும் உள்ளே ஓர் அறை. மகாமண்டபம், அர்த்தமண்டபம், கர்ப்பகிருகம் என்று பெயர் வைத்துவிடலாம். சேதுபதிகள் ராமநாதசுவாமியின் பெயரால் ஆண்டவர்கள். கட்டடத்தின் பெயரும் சுவாமி பெயர்தான். சுவாமி வீட்டில் ராஜா குடியிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டியவர் கிழவன். சுவரெல்லாம் படம் எழுதவைத்தவர் அவருக்குப் பின் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி. அவர் காலம் 1725 வரை. வெளி வெயிலிலிருந்து உள்ளே போனால் முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. இருட்டும் வௌவால் வாடையும்தான். அப்புறம் காவிச் சிவப்பு முதலில் எழும்பும். அதற்குப் பின்னால் மஞ்சள், கருநீலம். பிறகு சுவர் முழுக்க மனிதர்கள் என்று தெரியும்போது, இவ்வளவு நேரம் இத்தனை பேர் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று லேசாகக் கூச்சமாக இருந்தது.

ராமாயணம் இருக்கிறது, பாகவதம் இருக்கிறது. அவை எங்கேயும் இருக்கும். இங்கே பார்க்க வேண்டியது சேதுபதியை. ஓரிடத்தில் மதுரை நாயக்கர் கையால் ரத்தின பட்டாபிஷேகம். ஓரிடத்தில் ராஜராஜேஸ்வரியே செங்கோல் தருகிறாள். ஓரிடத்தில் தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் அவர் முன்னால் நிற்கிறார்கள். அவர் இருக்கையில். இன்னொரு சுவரில் தஞ்சை மராட்டியர்களோடு போர்: குதிரைகள், பீரங்கிகள், வரிசை வரிசையாகத் துப்பாக்கிக்காரர்கள். நாயக்கரும் வேண்டும், அம்மனும் வேண்டும், வெள்ளைக்காரன் வந்து நின்றதும் வேண்டும், மராட்டியனை அடித்ததும் வேண்டும். யாரிடம் என்ன பெற்றோம் என்று ஒருவர் தன் வீட்டுச் சுவரிலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். மேலே உள்ள அறைகளில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. பெண்கள், தோட்டம், இசை, காதல். என்னைக் கேட்டால் போர்ச் சுவரைவிட அந்தச் சுவர்கள்தான் உசத்தி. போரில் எல்லா முகமும் ஒரே முகம். மேலே ஒருத்தி பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறாள். முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது, மிச்சம் ஒரு கண்ணும் மூக்குத்தி ஓரமும்தான். அந்தக் கண்ணில் சலிப்பு இருக்கிறது. வரைந்தவன் வேண்டுமென்றே வரைந்த சலிப்பா, சுண்ணாம்பு உதிர்ந்ததால் வந்ததா?

மேல்மாடிக்கு ஏறும் படி இடுக்கானது. எதிரே ஒருவர் இறங்கினால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டடத்தில்தான் 1798 செப்டம்பரில் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்தார்கள். நமக்கெல்லாம் அந்தச் சந்திப்பு வசனமாகத்தான் தெரியும், அதனால் மனதில் ஒரு பெரிய தர்பார் மண்டபம். குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று முகாமை மாற்றிக்கொண்டே போன கலெக்டரின் பின்னால் அலைந்து அலைந்து கடைசியில் கட்டபொம்மன் ராமநாதபுரம் வந்து சேர்ந்தார். நிற்கவைத்தே விசாரித்தார்கள். பேச்சு முற்றி, பிடிக்கப் பார்க்க, அவர் வெளியேற, கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிற்பாடு நடந்த விசாரணையில் ஜாக்சனுக்குத்தான் பதவி போனது.

அந்தப் படியில் நின்றுகொண்டு யோசித்தால் வசனமெல்லாம் மறந்துபோகிறது. தோள் இடிக்கும் இந்த இடுக்கில் வாளோடு ஒருவர் எப்படி வேகமாக இறங்குவார்? அதுதான் கேள்வியாகத் தோன்றுகிறது. காலை முழுக்க நான் தேடிய வாசலும் அந்தக் கைகலப்பு நடந்த வாசலும் ஒன்றா என்று காவலாளியிடம் கேட்டேன். "சார், ஒரு மணிக்கு நாங்க சாப்பாட்டுக்குப் போவோம்" என்றார். நியாயமான பதில்.

அன்று இரவு சித்தி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. "நாளைக்கு இவரு உள்ள போவாரு, அப்ப வாங்கிக்கிடலாம்." நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்றால் அரண்மனைப் பக்கம். வேறொரு மாவட்டத்தில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்த சித்தி. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்?

மறுநாள் கீழக்கரை. ராமநாதபுரத்திலிருந்து 17 கிலோமீட்டர் தெற்கே, கடலோரம். போன காரணம், கிழவன் கோட்டை கட்டச் சீதக்காதி கைகொடுத்தார் என்று இரண்டு ஊரிலும் சொல்கிறார்கள். ஷெய்கு அப்துல் காதிர் என்கிற பெரியதம்பி மரைக்காயர், கீழக்கரையின் கப்பல் வணிகர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழி அவரைப் பற்றியதுதான். பரிசு வாங்க வந்த புலவர், வள்ளல் அடங்கிய செய்தி கேட்டுக் கபுருக்குப் போய் அழ, விரலில் மோதிரத்தோடு கை வெளியே வந்தது என்று கதை.

என்னோடு படித்த நண்பன் துபாயில். அவன் அண்ணன் வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். நடுத்தெருப் பெரிய பள்ளிவாசலுக்கு முதலில் கூட்டிப்போனார். சீதக்காதி கட்டியது, அவர் அடங்கியிருப்பதும் அங்கேதான். தூண்களைப் பார்த்ததும் எந்தக் கோயிலில் பார்த்தோம் என்றுதான் மனம் தேடும். பட்டை பட்டையாகச் செதுக்கிய கல்தூண், மேலே பூ தொங்கும் போதிகை. யாளியும் குதிரையும் இருக்கும் இடத்தில் கொடியும் பூவும் மட்டும். ஒரே ஊர் சிற்பிகளுக்கு இரண்டு வீட்டு வேலை. "எல்லாரும் இதத்தான் கேப்பாங்க" என்றார் காக்கா. அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கீழக்கரையில் நான் பார்த்தது அதற்கு அப்புறம்தான். மதில் இல்லாத ஊர். ஆனால் தெருவுக்குள் நுழைந்ததும் இருபக்கமும் சுவர். வீடுகளின் சுவர்தான், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டி, உயர்ந்து, ஜன்னல் குறைந்து, நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்குச் சந்து. பகல் பன்னிரண்டுக்கும் நிழல். கடற்காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதல் திருப்பத்திலேயே இளைத்துவிடும். நடுத்தெரு, மேலத்தெரு, வடக்குத்தெரு என்று தெருவுக்கு ஒரு ஜமாஅத். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் காக்கா தொண்டையைச் செருமினார். சளி போல என்று நினைத்தேன். நாலாவது திருப்பத்தில்தான் புரிந்தது. அந்தப் பக்கம் பெண்கள் வரலாம், ஆள் வருகிறது என்று சொல்லும் செருமல் அது. அடுத்த திருப்பத்தில் நானும் செருமிப் பார்த்தேன். காக்கா திரும்பி, "தண்ணி வேணுமா?" என்றார்.

ஒரு பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. உள்ளே செங்கல் இல்லை. கடல்கல். பவளப்பாறையை அறுத்து எடுத்த கல். கையை வைத்தால் சொரசொரப்பு, நெளிநெளியாக மூளை மடிப்பு மாதிரி கோடுகள், சில இடத்தில் தேன்கூடு மாதிரி கண்கள். ஒரு காலத்தில் உயிரோடு வளர்ந்த சுவர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இன்றைக்கு ஒரு கல்லை எடுத்தாலும் வழக்கு. சரியான சட்டம்தான். ஆனாலும் அந்தச் சுவரை இனி யாராலும் பழுதுபார்க்க முடியாது. பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள், உப்புக் காற்றில் அது அதற்குள் கொப்பளித்திருந்தது.

நண்பனின் உம்மா வீட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுத்து விசாரித்தார். பிள்ளைகள் எத்தனை, அம்மா இருக்காங்களா, ஏன் இளைச்சுப்போயிட்டீங்க. என் எடை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. முற்றத்தில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி. அகலமான உருளியில் கை மாற்றிக் கை மாற்றி மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். முதலில் கூழ், அப்புறம் களி. ஒரு கட்டத்தில் தேங்காய்ப் பால் எண்ணெயாகப் பிரிந்து ஓரம் கட்டும், உருண்டை கறுத்துப் பளபளவென்று உருளியை விட்டு விலகும். "எண்ணெ கக்கணும். கக்குற வர விடப்படாது" என்றார் கிண்டிக்கொண்டிருந்த பெண். கப்பல் போய்வந்த ஊரின் பலகாரம் இது. கடலுக்கு அப்பால் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் கிட்டத்தட்ட இதே பெயரில் இதே பண்டம்.

வெளியே வந்து கடலுக்கு எப்படிப் போவது என்று கேட்டதற்குக் காக்கா சொன்ன வழி: "நேராப் போங்க, முட்டும். முட்டுன எடத்துல திரும்புங்க. மறுபடி முட்டும்." மூன்று தடவை முட்டிய பிறகு கடல் தெரிந்தது. அலையே இல்லாமல் வெளுத்துப்போய்க் கிடந்தது. தூரத்தில் தீவு ஒன்று பென்சில் கோடு மாதிரி.

கிளம்பும்போது உம்மா இரண்டு கிலோ தொதலைத் தாளில் சுற்றி, மறுக்க முடியாத குரலில் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் கூட்டம். பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சித்தப்பா வரைந்த பத்திரிகையும் அதே பையில் இருந்தது நினைவில்லை. வெளிப்பட்டணத்தில் எடுத்துப் பார்த்தபோது எண்ணெய் இறங்கி, பாதிக் கோட்டை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. பின்னால் மணமகன் பெயர் தெரிந்தது.

சித்தப்பா அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"மதில் மேல நின்னு கீழ இருக்கிறவன் மேலதான்டா எண்ணெ ஊத்துவாங்க. நீ மதிலு மேலயே ஊத்திட்டு வந்திருக்க."

அப்புறம் தொதலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பென்சிலைத் தேடினார்.